நூற்று ஒன்பது வாட்

செலுவநாராயணன் மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் மீட்டர் சோதித்தவர். மைசூரில் அவர் கால் படாத தெரு கிடையாது. மீட்டரைத் திறக்காமலே, மேலே ஒட்டிய ஈய முத்திரையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, இதை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பினதே இல்லை. லஞ்சம் வாங்கமாட்டார், இரக்கமும் காட்டமாட்டார். இரண்டையும் ஒரே குணம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

மண்டி மொஹல்லாவில் மல்லம்மா என்றொரு விதவை, பக்கத்துக் கடையிலிருந்து கம்பி இழுத்து ஒரே ஒரு பல்பு எரியவிட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கம்பியை வெட்டும்போது அவள் கைக்குழந்தையை அவர் காலடியில் கிடத்தினாள். அவர் குழந்தையைத் தாண்டிப் போய்ச் சட்டைப்பையிலிருந்த நோட்டை எடுத்து நேரம் குறித்தார். இந்தச் சங்கதியைப் பலமுறை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறார். மனைவி ஜயம்மா ஒவ்வொரு முறையும் குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்பாள். அவருக்கு அது தெரியாது.

தொண்ணூற்றிரண்டில் ஓய்வு பெற்றார். முதல் இரண்டு மூன்று மாதம் கிருஷ்ணமூர்த்திபுரத்து அக்கம்பக்கத்தார் பில்லை எடுத்துக்கொண்டு யோசனை கேட்க வந்தார்கள். பிறகு வரவில்லை. அவர் காலையில் எழுந்ததும் தன் வீட்டு மீட்டரையே போய்ப் பார்த்து, அந்த நாளின் எண்ணை நோட்டில் எழுதிவைப்பார். அலுவலகத்தில் வாங்கிய பழக்கம்; கண்ணால் கண்டதை அப்படியே எழுதாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது.

ஒரே மகன் ரங்கு மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் பாதி நாள் ஹாசன், சிக்மகளூர் என்று பஸ்ஸில் அலைபவன். அவனுக்கு ஸரஸா மனைவியாக வந்தாள். மேல்கோட்டைப் பக்கம் வேர் உள்ள குடும்பம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மண்டி மொஹல்லாவில் மல்லப்பன் என்பவரின் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் வேலை பார்த்தாள். கன்னடமும் இங்கிலீஷும் அவள் விரலில் ஓடும். கல்யாணமானதும், அந்தச் சந்துக்குள் தினம் போய்வருவது நம் ஆத்துக்குச் சரிப்படாது என்று ஜயம்மா சொல்ல, ஸரஸா நின்றுவிட்டாள். மல்லப்பனுக்கு அவளைப் போல வேகமாகவும் தப்பில்லாமலும் செய்கிற ஆள் வேறு கிடைக்கவில்லை. தொண்ணூற்று நாலு ஜனவரியில் அவர் நேரில் வந்தார். பெண் வெளியே வரவேண்டாம், மெஷினே வீட்டுக்கு வரட்டும் என்றார். ரங்கு சம்மதித்தான். ஸரஸாவின் முகம் அன்றைக்கு முழுக்க மலர்ந்திருந்தது.

செலுவநாராயணனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் அவர் தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, மல்லப்பன் அனுப்பிய எலக்ட்ரீஷியன் ஒருவன் அவருடைய சுவரில் ஏணி சாத்தி நின்றிருந்தான். மீட்டர் பலகையிலிருந்து புதிதாக ஒரு வயரை இழுத்து, பின்னறைக்குக் கொண்டுபோயிருந்தான். முப்பத்து மூன்று வருஷம் இந்த ஊரின் மீட்டர்களைக் காத்தவர் பக்கத்தில் போய் நின்று, பூமிக்கம்பியை எங்கே சேர்த்தாய் என்று கேட்டார். அவன் திரும்பிப் பார்க்காமல், "ஸ்வல்ப ஆ கடெ பன்னி, தாத்தா" என்று அவரைத் தள்ளி நிற்கச் சொன்னான். உள்ளேயிருந்து ஸரஸா, அவனுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் டம்ளரை ஏணியடியில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு அது ஒரு விஷயமாகப் படவே இல்லை.

அவருக்குப் பட்டது. அன்றிரவு சாதத்தில் விட்ட சாத்தமுதை அவர் தொடவில்லை.

ரங்கு ஊரில் இல்லாத ஒரு பகலில், ஜயம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, அவர் வீட்டிலிருந்த விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்தார். பின்னறையில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டருக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, மீட்டருக்குள் இருக்கும் தட்டின் சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். புள்ளி ஒருமுறை மறைந்து மறுபடி வர ஐம்பத்தைந்து வினாடி ஆயிற்று. மறுபடி பார்த்தார். மறுபடியும் ஐம்பத்தைந்து. அவருடைய மீட்டர் அறுநூறு சுற்றுக்கு ஒரு யூனிட். மனக்கணக்கிலேயே விடை வந்துவிட்டது. நூற்று ஒன்பது வாட். கூடத்தில் எரியும் இரண்டு குண்டு பல்புகள் இதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. குளியலறைக் கெய்சரைப் போட்டால் அந்தப் புள்ளி மூன்று வினாடிக்கு ஒருமுறை வரும். அதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. நோட்டை எடுத்து, தேதி போட்டு, "கம்ப்யூட்டர்: 55 வினாடி. 109 வாட். அற்பம்" என்று எழுதினார்.

எழுதிவிட்டு வெகுநேரம் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சந்தோஷமாக இல்லை. ஏதோ பறிபோனது போலிருந்தது.

அன்று மாலை ஜயம்மா கேட்டாள். "ஏன்னா, இந்தப் பெட்டி ரொம்பக் கரண்ட் இழுக்குமா? எதிராத்து மாமி கேட்டா."

சரியான பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. ஆனாலும் அவர் சொன்னார்: "ராக்ஷஸி மாதிரி இழுக்கும். பில் வரட்டும், நீயே பாரு."

பொய் சொன்ன பிறகு அதை நிறைவேற்றாமல் அவரால் இருக்க முடியவில்லை. பிப்ரவரியிலிருந்து தினம் காலை பத்து மணிக்கு, எல்லாரும் குளித்து முடித்த பிறகு, கெய்சரைப் போட்டார். தண்ணீர் சுட்டதும் அது தானாக நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? அதனால் குழாயை நூல் அளவுக்குத் திறந்துவைத்தார். வெந்நீர் சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். பதினொன்றுக்கு அணைத்துவிட்டு வந்து, அதையும் நோட்டில் எழுதுவார். எவ்வளவு நேரம் ஓடினால் வழக்கமான யூனிட் சரியாக இரண்டு மடங்காகும் என்று கணக்குப் போட்டே அந்த ஒரு மணி நேரத்தை வைத்திருந்தார். ஊரெல்லாம் கரண்ட் திருடர்களைப் பிடித்த மனிதர், தன் வீட்டுக் கரண்டைத் தானே கொட்டினார். அதில் அவருக்குப் பழைய உத்தியோக மிடுக்குகூட வந்தது. காலையில் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை அணிந்துதான் குளியலறைக்குப் போவார்.

பில் வந்தது. கூடத்து நடுவில் நின்று யூனிட்டைப் படித்தார். ஜயம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மாமியார் என்றாலும் கடிந்து பேசத் தெரியாத பெண்பிள்ளை அவள். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டாள். எதிராத்து மாமியிடம், எங்காத்து மீட்டர் ஓடறது, பிடிக்க முடியலை என்று சொல்லத் தொடங்கினாள். ஸரஸா பின்னறைக்குள் போகும்போதெல்லாம் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாக விழுந்தன.

ஸரஸா தகராறு செய்யவில்லை. மல்லப்பன் தரும் கூலியிலிருந்து பில் முழுவதையும் தானே கட்டிவிடுவதாகச் சொன்னாள். கட்டுகிறாயா என்பது பேச்சே இல்லை, வீண் செய்வதுதான் பாவம் என்று செலுவநாராயணன் சொன்னார். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்ததை ஜயம்மா கவனித்து, அவருக்குத் தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சட்டங்கள் வந்தன. பின்னறையில் கம்ப்யூட்டர் ஓடும்போது விசிறி போடக்கூடாது, இரண்டில் ஒன்றுதான். ஸரஸா அப்போது ஐந்து மாதம் கர்ப்பம். மார்ச் மாத வெயிலில், ஜன்னலில்லாத அந்த அறையில், ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டைப் அடித்தாள். முதுகெல்லாம் வேர்க்குரு பூத்தது. ரங்கு ஊரிலிருந்து வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, பவுடர் டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தான். விசிறியைப் பற்றி அப்பாவிடம் பேசுங்களேன் என்று அவள் கேட்டாள். அப்பா கரண்ட் விஷயத்தில் தெரியாமல் சொல்லமாட்டார் என்று ரங்கு சொன்னான். அடுத்த அறையில் படுத்திருந்த செலுவநாராயணனுக்கு அது நன்றாகக் கேட்டது. மகன் தன்னை நம்புகிறான் என்பதில் அவர் நெஞ்சு நிறைந்தது.

மல்லப்பன் அப்போது கொடுத்திருந்தது பெரிய வேலை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கான கணக்கு வழிகாட்டி, முந்நூறு பக்கத்துக்கு மேல். ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்போது கடைகளில் இருக்கவேண்டும். பேப்பரில் போடும் மின்வெட்டு நேரத்தைப் பார்த்து, அதற்கு முன்னாலேயே மெஷினை மூடிவிட்டு, திரும்பக் கரண்ட் வந்ததும் உட்கார்ந்து, ஸரஸா நாற்பது நாளாக அதை அடித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கம் நிறுத்துகிற கரண்டுக்கு ஒரு நேரம் இருந்தது. செலுவநாராயணன் நிறுத்துகிற கரண்டுக்கு நேரமே இல்லை. மெயினைச் சோதிக்கிறேன், வயர் சுடுகிறதா பார்க்கிறேன் என்று எப்போது வேண்டுமானாலும் ஃப்யூஸைப் பிடுங்கினார். இரண்டு முறை அரை நாள் வேலை போயிற்று.

மூன்றாம் முறை நடக்காமலிருக்க, ஸரஸா அவரிடம் வந்து நின்றாள்.

"அப்பா, பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்கோ. ரெண்டு நிமிஷம் போறும், நான் மூடிக்கறேன். அந்தச் சிவப்பு விளக்கு மின்னறதோல்லியோ, அப்போ அது உள்ளே எழுதிண்டிருக்கு. அந்த நேரத்துல போனா டிஸ்க்கே போயிடும். எல்லாம் போயிடும்பா."

அவர் தலையாட்டினார். தெரியாத ஒரு மெஷினைப் பற்றித் தனக்கு வேண்டிய ஒரே விஷயத்தை அவளே கற்றுக்கொடுத்துவிட்டாள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி. ரங்கு ஹாசனில் இருந்தான். ஜயம்மா அடுக்களையில் மாவடு கழுவிக்கொண்டிருந்தாள். செலுவநாராயணன் மீட்டர் பலகைக்கு முன்னால் நின்று, பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஸரஸா நிமிர்ந்து முதுகை நீவிக்கொண்டு, கையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அவர் ஃப்யூஸைப் பிடுங்கினார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். சத்தமே வரவில்லை. அவர் ஃப்யூஸைத் திரும்பச் சொருகினார். மெஷின் உறுமியது, உள்ளே டக்டக்கென்று ஏதோ இடித்தது, பிறகு அதுவும் நின்றது. ஸரஸா சிலேட்டுப் பலகை போலக் கறுத்த அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயர் சுட்டுது," என்றார் அவர்.

ஸரஸா திரும்பி அவர் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

பிளாப்பியில் எடுத்துவைத்திருந்தது முதல் அறுபது பக்கம் மட்டும். மறுநாள் மல்லப்பன் ஆளோடு வந்தார். ஆள் மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மல்லப்பன் கோபப்படாத மனிதர். மண்டி மொஹல்லாவில் நாளுக்குப் பத்துத் தடவை கரண்ட் போகிற இடத்தில் மூன்று வருஷம் இதே மெஷின் உயிரோடு இருந்தது என்று மட்டும் கன்னடத்தில் சொன்னார். சொல்லும்போது அவர் கண் மீட்டர் பலகைக்குப் போய், ஃப்யூஸின் பீங்கான் மேல் பளபளவென்று தேய்ந்திருந்த விரல் தடத்தில் நின்றது. வழிகாட்டியை வேறு இடத்தில் கொடுத்து ராப்பகலாக அடிக்க வைக்கப்போவதாகச் சொல்லி, கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஸரஸா வாசல்வரை வந்து, திரை உடையாமலிருக்கத் தன் பழைய புடவை ஒன்றை அதன்மேல் சுற்றிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து கெய்சரை அவர் தொடவில்லை. அடுத்த பில் பாதியாக வந்தது.

ஜூன் மாதம் சீமந்தத்துக்கு ஸரஸாவின் அம்மா வந்தபோது, ஜயம்மா அந்த இரண்டு பில்களையும் அலமாரியிலிருந்து எடுத்துவந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். கெட்ட எண்ணத்தில் காட்டவில்லை. தாங்கள் நியாயமில்லாமல் சொல்லவில்லை என்று சம்பந்திக்குத் தெரியவேண்டும் என்றுதான். அந்த அம்மாள் படித்துவிட்டுத் தலைகுனிந்து, பெண் விவரம் தெரியாமல் செய்துவிட்டாள், மன்னிக்கவேண்டும் என்றாள். கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த ஸரஸா, அம்மா மன்னிப்புக் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். செலுவநாராயணன் பெருந்தன்மையாகக் கையை அசைத்து, போனது போகட்டும் என்றார்.

அவள் பிரசவத்துக்குப் போன பிறகு, ரங்கு ஒருநாள் இன்ஷூரன்ஸ் எண் தேடி அப்பாவின் மேஜையைக் குடைந்தான். நோட்டுதான் கையில் கிடைத்தது. செலுவநாராயணன் குளித்துவிட்டு வந்தபோது மகன் அதைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தான். நூற்று ஒன்பது வாட், அற்பம். அதற்குக் கீழே, பக்கம் பக்கமாக, நாள் தவறாமல்: கெய்சர், பத்து முதல் பதினொன்று, குழாய் கால் திருகு. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதிக்கு எதிரே: 11.32, ஃப்யூஸ் எடுக்கப்பட்டது.

"அப்பா, இது என்ன?"

"யாரைக் கேட்டு என் பலகையில வயர் போட்டா?" என்றார் செலுவநாராயணன்.  சொன்ன பிறகு அது எவ்வளவு சின்ன காரணம் என்று அவர் காதுக்கே கேட்டது. மகன் அடிக்கக் கை ஓங்கினால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று ஈர வேட்டியோடு நின்றார்.

ரங்கு பேனா மை பட்ட விரலால் கெய்சர் பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தான். அந்த நோட்டை ஸரஸாவிடம் காட்டினால் தனிக்குடித்தனம் போகவேண்டும். வாடகை, பால், அரிசி, மாதத்தில் பாதி நாள் தனியாக இருக்கும் மனைவி, குழந்தை. அவன் நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்து, இழுப்பறையைத் தள்ளினான். பிறகு டிபன் ஆயிற்றா என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டு அடுக்களைக்குப் போனான்.

செலுவநாராயணனுக்கு அப்போது ஆறுதல் வந்திருக்கவேண்டும். வரவில்லை. முப்பத்து மூன்று வருஷம் அவர் பிடித்தவர்களில் பயந்தவர்கள் இருந்தார்கள், அழுதவர்கள் இருந்தார்கள். பிடித்தவனே கண்ணை மூடிக்கொண்டு போனதை அவர் பார்த்ததில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஸரஸா திரும்பி வந்தாள். அவருக்கு நேரத்துக்குச் சாதம் போட்டாள், வேட்டி துவைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று சொன்னாள். நாலு வருஷம் அப்படிப் போயிற்று. தொண்ணூற்றெட்டில் ரங்குவுக்குப் பதவி உயர்ந்தது. கம்பெனி அறிக்கைகளை எழுத வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். பின்னறையிலேயே வைத்தான். ஸரஸா அந்த அறையைப் பெருக்குவாள், மேஜையைத் துடைப்பாள். விசையைத் தொடமாட்டாள்.

ஒரு மத்தியானம் அவள் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது, செலுவநாராயணன் வாசற்படியில் வந்து நின்றார். அறுபத்தைந்து நெருங்கிவிட்டது, கண்ணில் புரை விழுந்திருந்தது. நாலு வருஷமாகச் சொல்ல நினைத்ததை அன்று சொன்னார்.

"நீயும் போட்டு உக்காரேம்மா. அது ஒண்ணும் அப்படி இழுக்காது."

"தெரியும்பா," என்றாள் ஸரஸா. துடைக்கும் கை நிற்கவில்லை. "மெஷின் போன அன்னிக்கே உங்க நோட்டைப் பார்த்துட்டேன்."

"அப்போ ஏன்மா சொல்லல்லை?"

"நீங்க என்னமோ பண்ணிட்டுப் போங்கோ, இவர் கண்ணுல ஒருநாள் படும், அப்போ பார்க்கலாம்னு இருந்தேன். பட்டுது. குழந்தையோட வந்தப்புறம் மறுபடி எடுத்துப் பார்த்தேன், கெய்சர் போட்ட பக்கத்துல அவர் விரல்ல இருந்த பேனா மை ஒட்டியிருந்துது. என்கிட்ட ஒண்ணும் சொல்லல்லை." துணியை உதறி மடித்தாள். "உங்க மேல எனக்குக் கோபமே இல்லைப்பா. உங்களை நான் பெருசா நினைச்சதே இல்லை."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். அன்று மாலை ரங்கு வந்ததும், நாளையிலிருந்து மல்லப்பனிடம் வேலைக்குப் போகிறேன் என்று ஸரஸா சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். ரங்கு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். ஜயம்மாதான், அந்தச் சந்துக்கா என்று ஆரம்பித்து, ஒருவரும் உடன் பேசாததால் நிறுத்திக்கொண்டாள்.

மல்லப்பன் அவளை மறக்கவில்லை. ஆனால் நாலு வருஷத்தில் மெஷின்கள் மாறியிருந்தன, அடிக்கிற முறை மாறியிருந்தது. இருபது வயதுப் பெண்கள் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் கற்றுப் பார்த்தாள். கையில் பழைய வேகம் வரவில்லை. மல்லப்பன் மனம் கேட்காமல் பைண்டிங் பக்கம் ஒரு வேலை கொடுத்தார்.

கண் ஆபரேஷன் முடிந்து பச்சைத்துணி அவிழ்த்த மாதம், செலுவநாராயணன் ஆட்டோ பிடித்து மண்டி மொஹல்லாவுக்குப் போனார். எதற்கு என்று ஜயம்மாவிடம் சொல்லவில்லை, அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. அச்சகத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். புதுக் கண்ணுக்கு எல்லாம் கூசுகிற வெளிச்சத்தில் தெரிந்தது. கோணி விரிப்பின் மேல் ஸரஸா கால் நீட்டி உட்கார்ந்து, அச்சான தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, மரக்கட்டையால் அழுத்திக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தாள், அவரைப் பார்த்தாள். அடுத்த தாளை எடுத்து மடித்தாள்.

அவர் வந்த ஆட்டோ இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தார். எங்கே போகவேண்டும் என்று டிரைவர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் வீட்டு முகவரியைச் சொன்னார்.